மழையைக் கேட்டுப் போட்ட சாலைகள்

(ஷா ஆலமில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'கிராமப்புறச் சாலைகளும் வானிலையும்'. தலைப்பைக் கேட்டதும் வீட்டில் என் மனைவி, "ரோட்டையும் மழையையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்ன பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு ரோட்டுக் கூலியின் பேரனைக் கட்டிக்கொண்டு இப்படிக் கேட்கலாமா?

ஆம், என் தாத்தா பி.டபிள்யூ.டி. என்று நம்மவர்கள் சொன்ன பொதுப்பணி இலாகாவில் ரோட்டுக் கூலி. முதலில் உலு சிலாங்கூர் பக்கம் வேலை செய்தார். பிறகு கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலைக்கு மாற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "மத்தியானம் மூணு மணிக்கு மேல மண்ணைத் திறந்து போடாதே." வெட்டிய மண்ணை மாலைக்குள் மூடி, இறுக்கி, தண்ணீர் ஓட வழி விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது இதன் பொருள். பல ஆண்டுகள் கழித்து, பொறியியல் படித்த என் மகன் சொன்னான், இன்றைக்கும் மண் வேலையில் அதுதான் நடைமுறை என்று. சாயங்காலம் வேலையை விடும்போது ரோலரை ஓட்டி மேல்பரப்பை வழவழப்பாக்கி, சரிவு கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

நம் நாட்டில் எல்லா மாதமும் மழைதானே, இதில் திட்டமிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அது பன்னிரண்டு மாதமும் சமமாகப் பெய்வதில்லை. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவையும், அக்டோபர், நவம்பரில் இன்னும் பலமாக இன்னொரு தடவையும் மழை உச்சத்துக்குப் போகிறது. பிப்ரவரியை ஒட்டியும் ஜூன், ஜூலையிலும் குறைகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் கணக்கே வேறு. அங்கே நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால், மண் வேலையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

ஒரு நாளுக்குள்ளும் கணக்கு உண்டு. பருவம் மாறும் மாதங்களில் உள்நாட்டுப் பகுதியில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு மழை கொட்டும். கடற்கரையில் அப்படி நம்பி இருக்க முடியாது. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் 'சுமத்ரா' காற்று விடியற்காலையிலேயே அடித்து நொறுக்கும். உலு சிலாங்கூரிலிருந்து கடற்கரைப் பக்கம் வந்த என் தாத்தா தன் சட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார் என்று பாட்டி சொல்வார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஷா ஆலமின் ஓரத்தில்தான் டாமன்சாரா ஆறு கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் ஒரு படகுத் துறை இருந்தது. கிள்ளானிலிருந்து ஆற்று வழியாக வரும் சரக்கை அங்கே இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய டாமன்சாரா என்ற பெயரெல்லாம் அந்தத் துறையையும் ஆற்றையும் ஒட்டி வந்ததுதான். 1880இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் நிர்வாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியபோது, ஈயமும் அரிசியும் போகவர இருந்த முக்கியமான தரைவழி அது. வண்டிச் சக்கரத்தில் மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும். நனைந்த மண்ணில் அது கத்தி மாதிரி இறங்கும். ஒரு வண்டி போன தடத்தில் அடுத்த வண்டி, அந்தத் தடத்தில் மழைத் தண்ணீர். சாலை ஓடையாகிவிடும்.

1881ஆம் ஆண்டைக் கவனியுங்கள். ஜனவரியில் கோலாலம்பூர் தீயில் எரிந்தது. டிசம்பரில் அதே ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம், அகலமான தெரு என்று ஊரை மாற்றியமைத்தார். செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ். சரக்குப் போக்குவரத்துக்கு அவர் நம்பியது ரயிலை. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் கரையிலுள்ள புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடியது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் கட்டிக் கிள்ளானுக்கே போய்விட்டது. மழையில் சேறாகாத பாதை வேண்டும் என்றால் தண்டவாளம்தான் என்று அப்போது முடிவு செய்தார்கள்.

ஆனால் தண்டவாளம் ஊர் ஊராகப் போகாது. கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் ஈய லம்பத்துக்கும் சாலைதான் வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காக முதலாளிகளிடம் வசூலித்த நிதி அது. ரப்பர்த் தோட்டங்கள் மட்டுமல்ல, பொதுப்பணி இலாகாவும் ரயில்வேயும் பெருமளவில் தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்தன. நம் வரலாற்றைப் பேசும்போது பால்மரத்தையே பேசுகிறோம், ரோட்டுக் கூலிகளைப் பேசுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அவர்கள் செய்த வேலை என்ன? கல் உடைத்துப் பரப்பி ரோலர் ஓட்டியது ஒரு பகுதிதான். சாலை போட்ட பிறகு, ஒரு கூட்டத்துக்கு இத்தனை மைல் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மண்டோர் ஒருவர், கீழே சில ஆட்கள். சாலையோர லயத்திலேயே குடியிருப்பு. புல் வெட்டுவது, கான் தோண்டுவது, மதகில் அடைத்த இலை தழையை எடுப்பது, குழி சிறிதாக இருக்கும்போதே கல் போட்டு மூடுவது, இதுதான் ஆண்டு முழுவதும். மழை மாதத்துக்கு முன்னால் கான் சுத்தமாக இருக்க வேண்டும். மழை விட்ட வெயிலில் குழியை மூட வேண்டும். இடங்களைக்கூட மைல் கல்லை வைத்துத்தான் சொன்னார்கள். மலாய்க்காரர்கள் 'பத்து' என்றார்கள், நம்மவர்கள் 'கட்டை' என்றார்கள். இதோ பக்கத்தில் இருக்கும் பத்து தீகா நமக்கு மூணாங் கட்டை.

கானுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்ன விஷயம் இது. பாரத்தைத் தாங்குவது மேலே போடும் கல் அல்ல, அடியில் இருக்கும் மண். அந்த மண் காய்ந்திருக்கும் வரை தாங்கும், ஊறினால் எத்தனை கல் போட்டாலும் உள்ளே போகும். அதனால்தான் சாலையின் நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரிவு கொடுக்கிறார்கள். தார்ச் சாலைக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு போதும். மண் சாலைக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

மண்ணை இறுக்குவதிலும் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. 1933இல் கலிபோர்னியாவில் பிராக்டர் என்ற பொறியியலாளர் அதை அளந்து காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அது நன்றாக இறுகும். குறைந்தால் பொடியாக நிற்கும், கூடினால் குழையும். கொழுக்கட்டைக்கு மாவு பிசைகிற தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். பகலில் பதமாக இருந்த மண் மாலையில் ஒரு மணி நேர மழைக்குப் பிறகு பதம் கெட்டுவிடும். மறுபடி காய ஒரு வாரம்கூட ஆகலாம். அந்த ஒரு வாரக் கூலியும் இயந்திர வாடகையும் குத்தகையாளரின் தலையில்.

கிள்ளான், கோலலங்காட், கோலசிலாங்கூர் கடற்கரையில் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே தரை கடல் களிமண், பல இடங்களில் கரிச் சதுப்பு. கான் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் தோட்டமே போட முடிந்தது. வெட்டிய மண்ணைக் கரையாகக் கட்டி, அதன்மேல் பாதை விட்டார்கள். செம்மண் போட வேண்டுமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து லோரியில் வர வேண்டும். அதனால் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் சாலைக்குப் பதிலாகச் சிறு தண்டவாளம் போட்டுக் குலைகளை இழுத்தார்கள்.

செம்பனையில் ஒரு சங்கடம் உண்டு. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். நம் நாட்டில் குலைகள் அதிகமாக வெட்டப்படுவதோ செப்டம்பர், அக்டோபரை ஒட்டி. அதாவது மிகப் பாரமான லோரிகள் மிக ஈரமான மாதத்தில் ஓடுகின்றன. மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் சிலாங்கூரின் தென்னமாரத்தில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தச் சங்கடமும் தொடர்கிறது. ரப்பர் இந்த விஷயத்தில் சாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்த்துப் பால் குறையும் காலமும் மழை குறையும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தோட்டத்துப் பாதையைக் கொத்திச் சீர்செய்ய அதைவிட நல்ல சமயம் கிடையாது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தா அரசாங்கச் சாலையில் வேலை செய்தார். ஆனால் என் சின்னம்மா வாழ்க்கைப்பட்டது ஒரு தோட்டத்தில். எந்தத் தோட்டம், எந்த நிர்வாகம் என்பது இப்போது வேண்டாம். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று மைல் மண் பாதை. 1973 நவம்பரில் சின்னம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. நான்கு நாள் மழை. பாதையின் நடுவில் மதகு இடிந்து கிடந்தது. இடிந்து மூன்று மாதமாகியும் மழைக்கு முன்னால் யாரும் அதைக் கட்டவில்லை. டிராக்டர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கதவுப் பலகையில் படுக்க வைத்து, சித்தப்பாவும் மற்ற ஆண்களும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சின்னம்மா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

தாத்தா அன்றிரவு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஆகஸ்ட்டுல மதகைக் கட்டியிருந்தா ஆகாதா?"

அந்த மண் பாதையை ஏன் அரசாங்கம் பார்க்கவில்லை? நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கிராமப்புறச் சாலைக்குப் பெரிய இயக்கமே நடந்தது. 1959இல் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் கீழ் தேசிய, புறநகர் மேம்பாட்டு அமைச்சு அமைந்தது. மாவட்டந்தோறும் 'சிவப்புப் புத்தகம்' வந்தது. மாவட்ட வரைபடத்தின்மேல் கண்ணாடித்தாள் மாதிரியான தாள்களை வைத்து, எங்கே சாலை, எங்கே குடிநீர், எங்கே பள்ளி என்று வரைந்தார்கள். மாவட்ட அலுவலகத்தில் நடவடிக்கை அறை ஒன்று. துன் ரசாக் திடீரென்று வந்து நின்று, இந்தச் சாலை ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பார். அதிகாரிகள் நடுங்குவார்கள். எத்தனையோ கம்பங்களுக்கு முதல் சாலை அப்படித்தான் கிடைத்தது. போற்ற வேண்டிய வேலை, நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த வரைபடத்தில் தோட்டம் ஒரு வெற்றிடம். தோட்டம் தனியார் நிலம், அதற்குள்ளே சாலை போடுவது முதலாளியின் பாடு என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பொதுப்பணிக்கு அமைச்சராக இருந்தவர் நம் துன் வீ.தி. சம்பந்தன். பின்னாளில் 1979 முதல் 1989 வரையிலும் 1995 முதல் 2008 வரையிலும் அதே பொறுப்பில் இருந்தவர் துன் ச. சாமிவேலு. நாட்டின் சாலைகளுக்குத் தமிழர்களே அமைச்சர்களாக இருந்தும் லயத்துப் பாதை கணக்கில் வரவில்லை, சட்டத்தின் கோடு அப்படிப் போட்டிருந்தது. இன்றைக்கும் மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. 'மாரிஸ்' என்ற சாலைப் பதிவேட்டில் இருந்தால்தான் பணம். தனியார் நிலத்துப் பாதைக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடைப்பதில்லை.

ஷா ஆலமே ஒரு தோட்டம்தான், சுங்கை ரெங்கம் தோட்டம். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. 1978இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகரானது, 2000இல் மாநகரானது. புக்கிட் ஜெலுத்தோங், கத்ரி நிறுவனத்தின் தோட்ட நிலம். 2005இல் அங்கிருந்து ரவாங் வரை கத்ரி காரிடார் அதிவேகச் சாலை திறக்கப்பட்டது. லயத்து மக்கள் இருந்தவரை செம்மண் பாதை. அவர்கள் போன பிறகு டோல் சாலை. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குச் சின்னம்மாவின் ஞாபகம் வரும்.

இப்போது நடப்புக்கு வருகிறேன். மழையைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுகிறோமா என்று நடத்துனர் கேட்டார். பொறியியலாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சிக்கல் பணத்தின் நாட்காட்டியில் இருக்கிறது. வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகிறது, நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஒதுக்கீடு மாவட்டத்துக்கு வந்து, டெண்டர் விட்டு, குத்தகையாளரைத் தேர்ந்தெடுப்பதற்குள் காய்ந்த பிப்ரவரி போய்விடும், பல நேரம் ஜூலையும் போய்விடும். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் செப்டம்பர், அக்டோபரில் மண்ணைத் திறக்கிறார்கள். மேற்குக் கரையில் அதைவிட மோசமான மாதம் இல்லை. ஜே.கே.ஆர். ஒப்பந்தப் பத்திரத்திலோ, வழக்கத்துக்கு மீறிய மோசமான வானிலைக்குத்தான் கால நீட்டிப்பு. அக்டோபரில் மழை பெய்வது வழக்கம், அதில் மீறல் எதுவும் இல்லை. ஆகவே சிறிய குத்தகையாளர் ஈர மண்ணின்மேலேயே கல்லைக் கொட்டித் தாரை ஊற்றிவிட்டுப் போகிறார். மறு ஆண்டு அதே இடத்தில் குழி. சிறிய கிராமச் சாலைகளின் டெண்டரையாவது முந்திய ஆண்டிலேயே முடித்துவைத்து, ஜனவரியில் ஆணை கொடுக்க முடியாதா? இதற்கு விஞ்ஞானம் தேவையில்லை, கோப்பு நகர்ந்தால் போதும்.

மலைச் சாலையில் பாடம் இன்னும் கசப்பாக வந்தது. 2003 நவம்பரில் புக்கிட் லாஞ்சானில் பாறைகள் சரிந்து வட கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையை மாதக்கணக்கில் மூட வைத்தன. அதன் பிறகு 2004இல்தான் ஜே.கே.ஆர். சரிவுகளுக்கென்று தனிப் பிரிவை அமைத்தது.

இன்னொன்று. பொதுப்பணி இலாகா 1872இல் ஏற்பட்டது. 1926 டிசம்பரில் தீபகற்பத்தையே மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா வந்தது. சாலை ஓர் அலுவலகத்தில், தண்ணீர் இன்னோர் அலுவலகத்தில். தாத்தாவின் கூட்டத்தில் சாலையையும் கானையும் ஒரே ஆள்தான் பார்த்தார்.

இதன் விளைவை ஷா ஆலம் மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 பிப்ரவரியில் டாமன்சாரா ஆறு பொங்கி டி.டி.டி.ஐ. ஜெயா மூழ்கியது, அந்தப் பழைய படகுத் துறையின் ஆறுதான். 2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழையில் தாமான் ஸ்ரீ மூடா கூரை வரைக்கும் தண்ணீரில் நின்றது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம். சாலைகள் எல்லாம் ஆறாகி, படகுதான் வாகனம். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அரங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மழையே மாறிவிட்டதே, உங்கள் தாத்தாவின் கணக்கு இன்னும் செல்லுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. முழுதாகச் செல்லாது. 2021இல் வந்தது கிழக்கிலிருந்து தீபகற்பத்தைக் கடந்த தாழ்வு மண்டலம், அப்படியொன்று கிள்ளான் பள்ளத்தாக்கை டிசம்பரில் இந்த அளவுக்கு அடிக்கும் என்று தாத்தா எதிர்பார்த்திருக்க மாட்டார். மதகின் அகலத்தைப் பழைய மழைக் கணக்கை வைத்து முடிவு செய்தால் பத்தாது, புதிய அளவுகளை வைத்துப் பெரிதாகக் கட்ட வேண்டும். ஆனால் கட்டுகிற மாதம் பெரிதாக மாறவில்லை. பிப்ரவரியும் ஜூலையும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் வடிகால் இலாகா இணையத்திலேயே காட்டுகிறது. தாத்தா வானத்தைப் பார்த்தார், இன்றைய மேற்பார்வையாளர் கைப்பேசியைப் பார்க்கலாம்.

போன நவம்பரில் அந்தக் கோலசிலாங்கூர் சாலையில் போனேன். நல்ல மழை. ஓரிடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், வண்டிகள் வரிசையாக நின்றன. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓரத்தில் கானைத் தேடினேன். புல்லுக்கு அடியில் இருந்தது, நல்ல ஆழமாகத்தான் இருந்தது. மதகு வாயை அடைத்துக்கொண்டு ஒரு பழைய மெத்தை கிடந்தது. நானும் இரண்டு லோரிக்காரத் தம்பிகளும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். கால் மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது.